ஆடுவோரும் காண்போரும்

விளையாட்டைக் குறித்து எழுதுவது கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஏற்றதன்று எனக் கருதுவாரும் உளர். செய்யுளும் வரலாறும் ஆராய்வதற்கு இருக்கப் பந்தைப் பற்றி என்ன பேச்சு என்பர் அவர். ஆயினும், ஒரு நாட்டு மக்களின் உள்ளப் பாங்கினை அவர்தம் நூல்களிற் காண்பது போலவே அவர்தம் ஆடுகளங்களிலும் காணலாம் என்பது எம் துணிபு. எதனைக் கண்டு அவர் ஆர்ப்பரிக்கின்றனர், எவரைக் களத்தில் இறக்குகின்றனர், எவரை வேலிக்கு வெளியே நிறுத்துகின்றனர் என்பவற்றை நோக்கின், ஏட்டில் எழுதாத பல செய்திகள் புலனாகும்.

சென்ற பருவத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, விடுதியின் பொது அறையில் யாம் சிலர் கூடி, 1986ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹூசியர்ஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைக் கண்டோம். சிற்றூர்ப் பள்ளியொன்று பெருநகரப் பள்ளியைக் கூடைப்பந்தில் வெல்லும் கதை அது. கதை முடிந்தபொழுது எம்மிற் பலர் கண்கள் கலங்கியிருந்தன. அப்பொழுது, பள்ளிக் காலத்தில் ஒருநாளேனும் எந்த அணியிலும் சேர்க்கப்பெறாத எம் நண்பர் ஒருவர், "அது சரி, அந்தப் பள்ளியில் ஆடாத பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று மெல்ல வினவினார். எவரும் விடை கூறவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

அக்கதையின் உண்மை நிகழ்ச்சியை முதற்கண் கூறுவோம். அதற்கு முன்னர், அமெரிக்க ஐக்கிய நாட்டின் பள்ளி ஆட்சி முறையை ஒருவாறு அறிந்துகொள்ளுதல் வேண்டும். அந்நாட்டில் அரசுப் பள்ளிகளை நடுவணரசு நேரே ஆள்வதில்லை. மாநிலங்கள் பெரும்பாலும் பல பள்ளி வட்டாரங்களாகப் பகுக்கப்பெற்றுள்ளன. பெரும்பாலான வட்டாரங்களில் ஊர் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளிக் குழு ஒன்று உண்டு. அக்குழுவே கண்காணிப்பாளரை அமர்த்தும், ஆசிரியரை நியமிக்கும், வரவு செலவு வகுக்கும். நிலத்தின்மீதும் வீட்டின்மீதும் விதிக்கும் வரியும் மாநில அரசின் உதவித்தொகையும் பள்ளியைத் தாங்கும் இரு தூண்கள். ஆகவே, அங்கே ஒரு சிற்றூரில் பள்ளி என்பது எங்கோ இருக்கும் அரசின் அலுவலகம் அன்று. அவ்வூராரின் சொந்த உடைமை. 1939-40ஆம் ஆண்டில் இத்தகைய வட்டாரங்கள் 1,17,000க்கு மேற்பட்டிருந்தன. இன்று அவை ஏறத்தாழ 13,000 ஆகச் சுருங்கியுள்ளன. இச்சுருக்கத்தின் பொருளை ஊன்றி நோக்காதவர்க்கு அந்நாட்டுச் சிற்றூர்ப் பள்ளி விளையாட்டின் உட்பொருள் விளங்காது.

கூடைப்பந்து 1891ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரால் தோற்றுவிக்கப்பெற்றது. குளிர்காலத்தில் கூரையின்கீழ் ஆடுதற்கென்றே அமைந்த ஆட்டம் அது. நகரில் தோன்றினும், இண்டியானா போன்ற வேளாண்மை மாநிலங்களின் சிற்றூர்களில் அது வேரூன்றித் தழைத்தமைக்குக் காரணங்கள் உண்டு. அமெரிக்கக் கால்பந்துக்கு ஓர் அணிக்குப் பதினொருவர் வேண்டும்; கவசமும் பரந்த திடலும் வேண்டும். கூடைப்பந்துக்கோ ஐவர் போதும். அறுவடை முடிந்து வயல்கள் பனி மூடிக் கிடக்கும் மாதங்களில் உழவர்க்கு ஓய்வு மிகுதி. களஞ்சியத்தின் சுவரில் ஓர் இரும்பு வளையத்தை அறைந்துவிட்டால், ஒரு சிறுவன் தனியே நின்றும் பழகலாம். எனவே, பள்ளி எத்துணைச் சிறிதாயினும் அதற்கோர் அணி இருந்தது. அணி இருந்தமையின் ஊருக்கொரு கூடம் எழுந்தது. நைட்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் 1920களின் தொடக்கத்தில் ஊரார் தாமே பணம் திரட்டி எழுப்பிய ஆட்டக் கூடம் இன்றும் நிற்கின்றது. மேற்கூறிய திரைப்படத்தில் நாம் காணும் கூடம் அதுவே. ஊரில் உள்ளார் அனைவரும் அமர்ந்த பின்னரும் இடம் எஞ்சி நிற்கும் கூடங்களைக் கட்டிய ஊர்களும் அம்மாநிலத்தில் உண்டு.

இனி மைலன் என்னும் ஊருக்கு வருவோம். இண்டியானாவின் தென்கீழ்ப் பகுதியில் ரிப்ளி கவுண்டியில் உள்ளது அது. இன்றும் அதன் மக்கள் தொகை இரண்டாயிரத்துக்கு உட்பட்டதே. 1954ஆம் ஆண்டில் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் பயின்றோர் 161 பேர். அக்காலத்தில் இண்டியானாவின் மாநிலப் போட்டியில் பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற வேற்றுமை இல்லை. எல்லாப் பள்ளிகளும் ஒரே போட்டியில் மோதும். அவ்வாண்டு 751 பள்ளிகள் களம் புகுந்தன. மார்ச்சு 20ஆம் நாள் இண்டியானாபோலிஸ் நகரில் பட்லர் பல்கலைக்கழகக் கூடத்தில் நிகழ்ந்த இறுதி ஆட்டத்தில், மைலன் பள்ளி பன்மடங்கு பெரிய மன்சி சென்ட்ரல் பள்ளியை எதிர்த்து நின்றது. முப்பது வயதும் நிரம்பாத மார்வின் உட் என்பவர் மைலனின் பயிற்சியாசிரியர். இறுதிக் கால்பகுதியில், தம் அணி இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தபொழுதே, பந்தை எறியாது கையில் வைத்திருக்குமாறு அவர் கட்டளையிட்டார். பாபி பிளம்ப் என்னும் மாணவர் நான்கு நிமிடங்களுக்கு மேல் பந்தைக் கையிற் பற்றியபடி அசையாது நின்றார். கூடம் முழுதும் மூச்சடங்கி இருந்திருக்கும். பின்னர் ஆட்டம் 30க்கு 30 எனச் சமமாயிற்று. இறுதி நொடிகளில் அதே பிளம்ப் எறிந்த பந்து கூடையில் வீழ, மைலன் 32க்கு 30 என வென்றது. மறுநாள் ஊர் திரும்பிய சிறுவரை எதிர்கொள்ளப் பல்லாயிரவர் சாலையின் இருமருங்கும் திரண்டனர்.

இவ்வெற்றியை ஒரு விந்தை எனக் கூறுவோர், அதற்கு முன்னாண்டாகிய 1953இலும் மைலன் மாநில அரையிறுதி வரை சென்றதை மறந்துவிடுகின்றனர். அது விந்தையன்று; பயிற்சியின் விளைவு. எனினும், இக்கதையை ஒருவர் கேட்டு மகிழ்வதோடு நின்றுவிடின், அதிலிருந்து பெறவேண்டிய பாடத்தைத் தவறவிட்டவர் ஆவார். என்னை? மைலன் வென்ற ஐந்தாண்டுகளுக்குள், அத்தகைய சிறு பள்ளிகளைப் பெரும்பாலும் இல்லாமற் செய்யும் சட்டம் அம்மாநிலத்தில் பிறந்தது.

1959ஆம் ஆண்டின் பள்ளிச் சீரமைப்புச் சட்டத்தையே குறிப்பிடுகின்றோம். அப்பொழுது இண்டியானாவில் 900க்கு மேற்பட்டிருந்த பள்ளி ஆட்சி அமைப்புகள் இணைந்து இணைந்து, இன்று 300க்கும் குறைந்துவிட்டன. 1938ஆம் ஆண்டில் மாநிலக் கூடைப்பந்துப் போட்டியில் 787 பள்ளிகள் கலந்துகொண்டன. இன்று ஏறத்தாழ 400 பள்ளிகளே கலந்துகொள்கின்றன. அணிகள் தோற்று மறையவில்லை. பள்ளிகள் மூடப்பட்டமையால் மறைந்தன. ஊர்ப் பெயர் பொறித்த சட்டைகள் பெட்டிகளுள் உறங்க, இரண்டு மூன்று ஊர்களுக்கு இடையே சோள வயல்களின் நடுவே ஒரு புதிய பள்ளி எழுந்தது. அதற்கு எவ்வூர்ப் பெயரும் இடாது, திசையின் பெயரையோ கவுண்டியின் பெயரையோ இட்டனர்.

இணைப்பை வேண்டியவர்கள் தீயோர் அல்லர். அவர்கள் கூறிய காரணங்கள் பொய்யும் அல்ல. உழவுப் பொறிகள் பெருகவே, பத்துக் குடும்பங்கள் உழுத நிலத்தை ஒரு குடும்பம் உழலாயிற்று. சிற்றூர்களிற் பிள்ளைகள் குறைந்தனர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த ஜேம்ஸ் கோனன்ட், அதே 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்பில் நூற்றுவரேனும் இல்லையெனில் உயர்கணிதமும் அறிவியலும் அயல்மொழிகளும் செவ்வனே கற்பித்தல் இயலாது என வாதித்தார். நாற்பது பிள்ளைகளுக்கென ஒரு வேதியியல் ஆசிரியரையும் ஓர் ஆய்வுக்கூடத்தையும் எவ்வூர் தாங்கும்? பந்தாட்டத்தின் பொருட்டு ஒரு பிள்ளையின் கணிதத்தைப் பலியிடலாமா? இவ்வினாக்களைத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. மேலும், மைலன் அணியே ஒருவகையில் ஓர் இணைப்பின் பயன்தான். பாபி பிளம்ப் மைலனைச் சேர்ந்தவர் அல்லர்; அதன் அருகிலுள்ள பியர்ஸ்வில் என்னும், அதனினும் மிகச் சிறிய ஊரினர். ஆதலின், இணைப்பு யாண்டும் தீது என்று கூறுவார் கூற்றை யாம் உடன்படோம்.

ஆயின், இணைப்பால் இழந்தது யாது என்பதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊர்ப் பெருமையை இழந்தோம் என்று கூறுவர் முதியோர். அஃது உண்மையே, ஆனால் அது சிறு இழப்பு. பெரிய இழப்பு ஒன்று உண்டு. அதனைக் கணக்கிட்டுக் காட்டியவர்கள் ரோஜர் பார்க்கர், பால் கம்ப் என்னும் இரு உளநூலறிஞர்கள். கான்சாஸ் மாநிலத்தில் சில பத்து மாணவரே கொண்ட பள்ளி முதல் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் பயின்ற பள்ளி வரை பலவற்றை ஆராய்ந்து, 1964ஆம் ஆண்டில் தம் முடிபுகளை நூலாக வெளியிட்டனர். பெரிய பள்ளியில் கழகங்களும் ஆட்டங்களும் எண்ணிக்கையில் மிகுதி. ஆனால் அவற்றுள் பொறுப்பேற்றுச் செயலாற்றும் மாணவரின் விழுக்காடு சிறிய பள்ளியிலேயே மிகுதி என்பது அவர்கள் கண்ட உண்மை. காரணம் வெளிப்படை. அணிக்குப் பன்னிருவர் வேண்டும். பள்ளியில் இருப்பதோ முப்பது சிறுவர். அப்பொழுது கால் தடுமாறுபவனையும் அழைத்தாகவேண்டும். "நீ வாராவிடின் அணி இல்லை" என்று ஒரு சிறுவனிடம் கூறும் பள்ளி, அவனுக்கு எந்நூலும் அளிக்கவியலாத ஒன்றை அளிக்கின்றது. இரண்டாயிரவர் பயிலும் பள்ளிக்கும் அதே பன்னிருவரே போதும்; எஞ்சியோர்க்கு அது கொடுப்பது பலகையில் ஓர் இருக்கையும் கைதட்டும் உரிமையுமே.

சிற்றூர்ப் பள்ளி விளையாட்டின் உண்மையான சிறப்பு இதுவே என்பது எம் கருத்து. அது சில வேளைகளில் பெரியாரை வெல்லும் என்பதன்று. அது எவரையும் வேண்டாம் எனத் தள்ளவியலாது என்பதே. 1934ஆம் ஆண்டில் நெப்ராஸ்கா மாநிலத்து ஹீப்ரான் என்னும் ஊரில் ஸ்டீபன் எப்ளர் என்னும் ஆசிரியர், பதினொருவரைத் திரட்டவியலாத பள்ளிகளுக்கென அறுவர் ஆடும் கால்பந்தினை வகுத்தார். பிள்ளைகள் போதவில்லை என்று ஆட்டத்தை விடுவதற்கு மாறாக, பிள்ளைகளின் தொகைக்கேற்ப ஆட்டத்தைக் குறுக்கிக்கொண்டனர். திடலையும் நீளத்தில் 80 கசமாகவும் அகலத்தில் 40 கசமாகவும் சுருக்கினர். டெக்சாஸ் மாநிலத்தின் வறண்ட மேற்குப் பகுதியிலுள்ள சிறு பள்ளிகள் பல இன்றும் அவ்வாறே ஆடுகின்றன. பிள்ளைக்காக ஆட்டமேயன்றி ஆட்டத்துக்காகப் பிள்ளை அன்று என்னும் நெறிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

விளையாட்டின்மீது சாட்டப்பெறும் குற்றங்களை மறைப்பதும் எம் நோக்கமன்று. அங்கே பல ஊர்களில் நாயை வால் ஆட்டுகின்றது. வகுப்பில் நன்கு கற்பிக்கும் ஆசிரியரின் பெயரை அறியாதார் பயிற்சியாசிரியரின் பெயரை அறிவர். எச்.ஜி. பிஸ்ஸிங்கர் என்னும் எழுத்தாளர், டெக்சாஸில் ஒடெஸ்ஸா என்னும் எண்ணெய் நகரத்துப் பள்ளியோடு 1988ஆம் ஆண்டின் கால்பந்துப் பருவம் முழுதும் தங்கியிருந்து, 1990இல் ஒரு நூல் எழுதினார். அது சிற்றூரன்று, எனினும் சிற்றூர்களுக்கும் பொருந்தும் ஒரு நோயை அந்நூல் காட்டிற்று. பதினேழு வயதுச் சிறுவரின் தோள்மீது ஒரு நகரத்தின் நம்பிக்கை முழுவதையும் ஏற்றுவதும், முழங்கால் முறிந்தவனை மறுவாரமே மறந்துவிடுவதும் அந்நோயின் குறிகள். தலையிற் படும் அடிகளால் மூளைக்கு நேரும் கேடும் இக்காலத்து நன்கு அறியப்பட்டுள்ளது. 2009இல் வாஷிங்டன் மாநிலம் இதன்பொருட்டு முதற்சட்டம் இயற்றியது. 2014க்குள் எல்லா மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. டெக்சாஸ் மாநிலமும் 1984இல், ஒரு பாடத்தில் தேறாத மாணவன் ஆறு வாரங்கள் போட்டியில் ஆடலாகாது என விதித்தது. ஊர்தோறும் கூக்குரல் எழுந்தது. 1995இல் அவ்விலக்கு மூன்று வாரமாகக் குறைக்கப்பட்டது. எனினும் விதி நின்றது. நோய்க்கு மருந்து உண்டு என்பதனையே இவை காட்டுகின்றன. நோய் உண்டென்று உடலையே எரித்துவிடல் வேண்டா.

இனி, எம் நண்பரின் வினாவுக்கு வருவோம். ஆடாத பிள்ளைகள் எத்தனை பேர்? மைலன் பள்ளியின் 161 மாணவருள் மாநிலப் போட்டிக்கு ஆடை அணிந்தவர் பத்துப் பன்னிருவர். எஞ்சியோருட் பாதிக்கு மேற்பட்டோர் சிறுமியர். அவர்களுக்கு ஆடுவதற்கு மாநிலப் போட்டியே இல்லை. இண்டியானாவில் ஆண்பிள்ளைகளுக்கு முதல் மாநிலப் போட்டி நிகழ்ந்தது 1911இல், பெண்பிள்ளைகளுக்கோ 1976இல். இடையே 65 ஆண்டுகள். அந்த 65 ஆண்டுகளில் பந்தை எறியும் ஆற்றல் பெற்றிருந்தும், பலகையில் அமர்ந்து தம்பியரின் பெயரைக் கூவி வாழ்த்திய தமக்கையர் எத்துணையர்! 1972இல் நடுவணரசு இயற்றிய 'ஒன்பதாம் தலைப்பு' என்னும் சட்டம் கல்வி நிலையங்களிற் பாலினப் பாகுபாட்டைத் தடுத்த பின்னரே கதவு திறந்தது. 1971-72ஆம் ஆண்டில் நாடு முழுதும் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் ஈடுபட்ட பெண்பிள்ளைகள் 3 இலட்சத்துக்கும் குறைவு. இன்று 30 இலட்சத்துக்கு மேல். ஐம்பது ஆண்டுகளிற் பெண்களின் உடல் மாறிவிடவில்லை; மாறியது வாயிற்காவலனின் உள்ளமே.

ஆயினும் ஒரு புறனடை உண்டு. அதுவும் சிற்றூர்களிலிருந்து வந்தது. அயோவா மாநிலத்தில் 1925ஆம் ஆண்டில், பெண்கள் கூடைப்பந்தாடுவது தகாது எனக் கருதி மாநிலச் சங்கம் அதனைக் கைவிட்டது. அம்முடிவுக்கு உடன்படாத சிறு பள்ளிகளின் தலைவர்கள் தனியே கூடிப் பெண்பிள்ளைகளுக்கென ஒரு சங்கம் நிறுவினர். நகரப் பள்ளிகள் நெடுங்காலம் ஒதுங்கி நிற்க, உழவர் பெண்மக்கள் ஆடினர். பக்கத்துக்கு அறுவர், மூவர் எறிய, மூவர் காக்க, நடுக்கோட்டினை ஒருவரும் கடவாத ஆட்டம் அது. 1968இல் யூனியன்-விட்டன் என்னும் சிறு பள்ளியின் டெனிஸ் லாங் ஓர் ஆட்டத்தில் தனியே 111 புள்ளிகள் பெற்றார். ஐவர் ஆட்டத்துக்கு இடங்கொடுத்து அவ்வாட்டம் 1993இல் முடிவுற்றது. நாகரிகம் நகரத்திலிருந்தே சிற்றூருக்கு வரும் என்று எண்ணுவார் இவ்வரலாற்றைச் சிந்திப்பாராக. மாணவர் குறைந்த பள்ளிக்கு ஒவ்வொரு பிள்ளையும் வேண்டும். அத்தேவையே அறிவுரை எதனினும் விரைந்து கண் திறந்தது போலும்.

மற்றொரு கதவையும் கூறாது விடலாகாது. இண்டியானாவின் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம் 1942 வரை கறுப்பின மாணவர்க்கென ஒதுக்கிய பள்ளிகளையும் கத்தோலிக்கப் பள்ளிகளையும் தன் போட்டியிற் சேர்க்கவில்லை. எல்லாப் பள்ளிகளும் மோதும் ஒரே போட்டி என்ற பெருமை அதுவரை அரை மெய்யே. 1954இல் மைலன் தன் வழியில் வென்ற அணிகளுள் இண்டியானாபோலிஸ் நகரத்துக் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளியும் ஒன்று. கறுப்பின மாணவர்க்கென 1927இல் திறக்கப்பெற்ற பள்ளி அது. அவ்வணியில் ஆடிய ஆஸ்கர் ராபர்ட்சன் பின்னர் உலகப் புகழ் எய்தினார். மறு ஆண்டு 1955இல் அப்பள்ளியே மாநில வாகை சூடியது. வெண்ணிறச் சிற்றூர்ச் சிறுவரைத் தோளில் ஏற்றிக் கொண்டாடிய மாநிலம், இக்கறுப்பின இளைஞர்களை நகர நடுவில் நின்று மகிழ விடவில்லை. நினைவுத் தூணைச் சுற்றிவந்த அவர்களின் ஊர்வலம், அவர்தம் இனத்தார் வாழும் பகுதியிலுள்ள பூங்காவுக்குத் திருப்பப்பட்டது. ஒரே ஆட்டம், ஒரே விதி, ஒரே கோப்பை; வரவேற்பு மட்டும் இருவேறு. பந்து நிறம் அறியாது. பந்தைப் பார்ப்போர் அறிகின்றனர். ஆட்டம் தானே சமத்துவம் கற்பிக்கும் என்று மேடைகளிற் கூறுவோர் இதனை நினைவில் வைத்தல் வேண்டும். ஆட்டம் கற்பிக்கும் ஆற்றலுடையது. கற்போர் விரும்பினாலன்றிக் கற்பிக்காது.

இன்றைய நிலை யாது? 1997-98 முதல் இண்டியானா தன் பள்ளிகளை மாணவர் தொகைக்கேற்ப நான்கு வகுப்புகளாகப் பிரித்துத் தனித்தனிக் கோப்பைகள் வழங்குகின்றது. பாபி பிளம்ப் அதனைக் கடுமையாக எதிர்த்தார். மீண்டும் ஒரு மைலன் பிறக்கும் வாய்ப்பு அழிந்தது என்றார் போல்வார் பலர். யாம் அவர்களோடு முற்றும் உடன்படவில்லை. 1954க்குப் பின் 1997 வரை 43 ஆண்டுகளில் அத்துணைச் சிறிய பள்ளி ஒன்றும் மீண்டும் வாகை சூடவில்லை. ஒருவன் வென்ற கதையைக் காட்டி நூற்றுக்கணக்கானோரை ஆண்டுதோறும் முதற்சுற்றிலேயே தோற்று வீடு திரும்பச் செய்வது நீதி ஆகுமா? ஆனால் கோப்பைகளைப் பெருக்குவதும் முழுத் தீர்வு ஆகாது. வட்டாரங்கள் இணையும்பொழுது வகுப்பறைகள் இணைவது போலக் களங்கள் இணைதல் வேண்டா என்பதே எம் கோரிக்கை. ஓர் அணிக்குப் பதில் இரண்டு மூன்று அணிகள் வைத்தலாகாதோ? பயிற்சி முடிந்து மாலையில் இருபது மைல் தொலைவிலுள்ள பண்ணைவீட்டுப் பிள்ளையை இல்லம் சேர்க்கும் பேருந்து ஒன்று இல்லையெனில், அப்பிள்ளைக்கு அணியில் இடம் உண்டு என்பது வெறும் சொல்லே. பள்ளிக் குழு தன் வரவு செலவில் புள்ளிப் பலகைக்கு ஒதுக்கும் தொகையை அப்பேருந்துக்கு ஒதுக்குமாயின், ஊர்ப் பெருமை ஒன்றும் குன்றிவிடாது. அயோவா, நெப்ராஸ்கா முதலிய மாநிலங்களில், பள்ளிகள் தனித்தனியே நிற்க, அண்டை வட்டாரங்கள் இரண்டு கூடி ஓர் அணியைப் பகிர்ந்துகொள்ளும் முறையும் வழக்கில் உண்டு. நேற்றுவரை எதிரிகளாயிருந்த இரு ஊர்ச் சிறுவர் இன்று ஒரே சட்டை அணிவது காணத்தக்கதொரு காட்சியே.

இவையெல்லாம் பல்லாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள செய்திகள். நமக்கென்ன என்பீராயின், ஒரு தொடர்பைக் கூறி முடிப்போம். நெய்ஸ்மித் கூடைப்பந்தைத் தோற்றுவித்த அதே ஸ்பிரிங்பீல்டு கல்லூரியிற் பயின்ற ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர், 1920ஆம் ஆண்டில் சென்னையில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியினை நடத்திச் சென்றவர்களுள் அவரும் ஒருவர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியர் என்னும் ஒரு பணி தோன்றிப் பரவியதில் அக்கல்லூரிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே இண்டியானாவின் களஞ்சியச் சுவரில் அறைந்த வளையமும் நம் திடலின் கோடியில் நிற்கும் வளையமும் ஒரே வேரிற் கிளைத்தவை. அங்கே எழும் வினா இங்கும் எழுதல் முறையே.

நண்பர்காள்! நம் மலரைப் புரட்டிப் பாருங்கள். ஆண்டுதோறும் விளையாட்டறிக்கை தவறாது வெளிவருகின்றது. வென்ற அணிகளின் நிழற்படங்களும், கோப்பை ஏந்திய தலைவர்களின் பெயர்களும் அதில் உள. அவர்கள் உழைப்பை யாம் போற்றுகின்றோம். ஆயினும், இக்கல்லூரியிற் பயில்வோருள் ஓர் ஆண்டில் ஒருமுறையேனும் களத்தில் இறங்கி ஆடினவர் எத்துணையர் என்னும் தொகையை அவ்வறிக்கையில் யாம் கண்டதில்லை. அடுத்த ஆண்டு மலரில் அவ்வொரு வரியைச் சேர்க்குமாறு ஆசிரியர் குழுவினரைப் பணிவுடன் வேண்டுகின்றோம். அவ்வெண் சிறிதாயிருப்பின் நாணுவோம். நாணினால் அதற்கடுத்த ஆண்டு அது பெருகும். தோற்கும் அணி என்று அறிந்தே ஆடும் ஐந்தாம் அணி ஒன்றும் ஆறாம் அணி ஒன்றும் நம் திடலில் மாலைதோறும் காணப்பெறுமாயின், அதுவே நாம் பெறும் பெருங்கோப்பை.

வினாவை எழுப்பிய எம் நண்பர் இப்பொழுது மாலை வேளைகளில் எம்மோடு கூடைப்பந்து ஆடுகின்றார். அவர் எறியும் பந்து பெரும்பாலும் வளையத்தைத் தொடுவதில்லை. அவர் இல்லாத நாளில் எமக்கு ஐவர் நிறைவதில்லை.